கண்ணாடி துடைக்கும் நேரம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அக்காவின் மகள் பதினொரு நாளாக என் வீட்டில் இருக்கிறாள். அக்கா ஆபீசே கதி என்று கிடக்கிறாள். ஏன் என்று கேட்கப் போய் இது வந்து மாட்டியது.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ‘ஆஸ்பத்திரியில், எட்டாம் படுக்கையில், சத்தமில்லாமல் மருந்து...’ ரொம்பப் பயமுறுத்துகிறது. ‘கெர்னல் எனப்படுவது கணினியின்...’ பாடப்புத்தகம். ‘அக்கா அழுதுகொண்டே...’ அவள் அழுகிற ஆளே இல்லை. மூன்றையும் கைவிட்டேன், ஆனால் அழிக்க மனசு வரவில்லை.

2

நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் மெஷின் ஒன்று. அதற்குள்ளும் ஒரு குட்டிக் கணினி. அதில் எந்த வேலை எப்போது ஓடவேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் அடிப்படை நிரல்தான் கெர்னல். அதில் வரும் பிழைகளைச் சரிசெய்வது அக்காவின் வேலை. ஒரு நர்ஸ் புகார் எழுதியிருந்தார்: “எட்டாம் படுக்கை மெஷின் அப்படியே நின்னுபோச்சு. அலாரம்கூட அடிக்கல. நான் பக்கத்துல இருந்ததால பார்த்தேன்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அக்காவைத் தூங்கவிடவில்லை. (எனக்கும் தூக்கம் போயிற்று என்று எழுதினால் பொய். நான் நன்றாகத் தூங்கினேன்.)

3

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, ‘இந்த இடத்துக்கு வந்தாச்சு’ என்று திரையில் எழுதச் சொல்லி அக்கா நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். அன்றோடு பிழை காணாமல் போயிற்று. ஆறு நாள், நாற்பது மெஷின், ஒன்றுகூட நிற்கவில்லை. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. “அதான் சரியாயிடுச்சே மேடம். அந்த வரியோடவே அனுப்பிடுங்க!”

அன்று சாயங்காலம் அக்கா மகளைப் பார்க்க வந்தாள். மகளை வீட்டில் எல்லோரும் வாலு என்போம், காரணம் கேட்காதீர்கள். நானும் வாலுவும் என் எழுத்து மேஜையில் பள்ளிக்கூடத்துக்குப் படம் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். அவள் கையில் கத்தரிக்கோல், என் கையில் பசை.

“மாமா, பசையைக் குடுங்க.”

“நீ முதல்ல கத்தரிக்கோலைக் குடு.”

“ஊஹூம். நீங்க முதல்ல.”

அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“இதேதான்டா. உள்ள ரெண்டு வேலை. ஆளுக்கு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு, அடுத்தவன் கையில இருக்கிறதுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. காலம் பூரா நிக்கும்.”

“அந்த வரியைப் போட்டா மட்டும் ஏன் நிக்கல?”

“நீ பசையை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒருதரம் உன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறேன்னு வை. அதுக்குள்ள இவ ரெண்டையும் எடுத்து ஒட்டியே முடிச்சிடுவா. அந்த வரி திரையில எழுத எடுத்துக்கிற நேரமும் அவ்வளவுதான்.”

“அப்ப சரிதானே?”

“நீ கண்ணாடி துடைக்கிறதை நம்பி உன்னை எட்டாம் படுக்கையில படுக்க வைக்கட்டுமா?”

4

(முடிவுகள் சில யோசித்தேன். எங்கள் அம்மாவையே அந்தப் படுக்கையில் கிடத்தலாம். அம்மா காதில் விழுந்தால் என் தோலை உரித்துவிடுவாள். மேலாளரை வில்லனாக்கலாம், அவர் பாவம், ஆஸ்பத்திரிக்காரர்கள் அவர் கழுத்தைப் பிடிக்கிறார்கள். அக்கா ஒரே நாளில் நிஜக் காரணத்தைக் கண்டுபிடித்து... இல்லை. நிற்பது எந்த இரண்டு வேலைகள் என்று அவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.)

5

முதல் இரண்டு வரைவுகளில் இந்தப் பகுதியை ஒளித்துவிட்டேன். அன்று சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் அக்கா என்னைக் கேட்டாள். அவள் என்னிடம் யோசனை கேட்பது கிழக்கே உதிக்கிறவன் மேற்கே உதிக்கிற மாதிரி.

“திருத்தத்துக்குக் கீழ ‘சோதித்தவர்’னு என் பேரைப் போடணும். போட்டா புகாரை மூடிடுவாங்க. அப்புறம் யாரும் தேட மாட்டாங்க. தேடுறதுக்கு இன்னும் ரெண்டு வாரம் கேட்டா வேலையே போனாலும் போகும். என்னடா பண்ணட்டும்?”

நான் சொன்னேன்: “அனுப்பிடுக்கா.”

அவள் வேலையை நினைத்துச் சொல்லவில்லை. அனுப்பிவிட்டால் வாலு வீட்டுக்குப் போவாள், என் மேஜை எனக்குக் கிடைக்கும். அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது.

6

பேர் போட்டு அனுப்ப இன்று மாலை ஐந்து மணிதான் கெடு. நான் இதை எழுதுவது அக்காவுக்குத் தெரியும்; நாலு மணிக்குப் போன் செய்தாள்.

“உன் கதையில நான் பேர் போடுறேனா?”

“நீ என்ன பண்றேன்னு பார்த்துட்டுத்தான்க்கா எழுதணும்.”

“நீ எழுதுறதைப் படிச்சுட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன்டா.”

அடுத்தவர் முதலில் சொல்லட்டும் என்று இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றோம். மேஜையிலிருந்து வாலு குரல் கொடுத்தாள்: “யாராவது ஒருத்தர் குடுத்துடுங்களேன் மாமா!”

போனை வைத்துவிட்டு, ஐந்தாம் பகுதியை மறுபடி சேர்த்து, முடிவில்லாத இந்தக் கதையை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு வரி: ‘அன்னைக்கு நான் சொன்னது என் மேஜைக்காக. கணக்குல எடுத்துக்காதே. வாலு எத்தனை வாரம் வேணும்னாலும் இங்க இருக்கட்டும்.’

மணி நாலேமுக்கால். இன்னும் பதில் இல்லை. வாலு என் கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அக்காவின் நாற்காலியில் இப்போது கொஞ்சம் நீங்கள் உட்காருங்கள்.

தெரிவித்தவர்: எட்டாம் படுக்கைப் பக்கத்தில் இருந்த நர்ஸ்.

எழுதியவர்: தம்பி.

சோதித்தவர்: