லிஃப்டில் செத்தவர் தெருவில் நடந்தார்

படப்பிடிப்பில் அவளைக் கண்கொத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். கோபத்தில் வைத்த பெயர் இல்லை, கொஞ்சம் பயத்தில் வைத்தது. அவள் வேலை அப்படி. காலையில் பாதி எடுத்த காட்சியின் மீதியை மாலையில் எடுப்பார்கள். காலையில் இருந்ததெல்லாம் மாலையிலும் இருந்தபடியே இருக்க வேண்டும். கிளாஸில் டீ எந்த மட்டத்தில் இருந்தது, நர்ஸின் பை எந்தத் தோளில் தொங்கியது, இன்ஸ்பெக்டர் சட்டையில் எந்தப் பொத்தான் திறந்திருந்தது, எல்லாம் அவள் பொறுப்பு. ஒன்று பிசகினாலும் "நிறுத்துங்க" என்று குரல் வந்துவிடும். டைரக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே வந்துவிடுகிறதே என்று டைரக்டருக்கு உள்ளூர ஒரு வருத்தம் உண்டு.

இப்போது அவள் வேலை பார்த்தது ஒரு திகில் தொடரில். வாரம் ஒரு பகுதி. பெரிய நகரம், உயரமான அலுவலகக் கட்டடம், அதன் லிஃப்டில் ஒரு பிணம். செத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அதே லிஃப்டில் ஏறி இறங்கிய ஒரு நர்ஸ், ஒரு டாக்ஸிக்காரர், ஒரு பூட்டு ரிப்பேர்காரர். மூன்று பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது, ஆனால் மூன்று பேரையும் யாரோ ஒரே கயிற்றில் கட்டி ஆட்டுகிறார்கள். அந்தக் கயிறு யார் கையில் இருக்கிறது என்பதுதான் பார்க்கிறவர்களின் கேள்வி. கதை எழுதுகிறவருக்கும் அதே கேள்விதான் என்பதை மட்டும் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

முதல் பகுதி எடுத்த அன்றே தகராறு. "பிணத்துக்கு உடம்பு சரியில்லையாம், வர முடியாதாம்" என்று உதவி டைரக்டர் வந்து நின்றார். லிஃப்டை மதியம் வரைக்கும்தான் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது கண்கொத்திக்குத் தன் மாமனார் ஞாபகம் வந்தது.

மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்துபோன பிறகு ஹாலில் இருக்கிற சோபாதான் அவருக்கு உலகம். சாப்பிட்ட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதில் சாய்ந்திருப்பார். அசையாமல் கிடப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. போன் போட்டாள். வந்தார், லிஃப்டுக்குள் படுத்தார், ஒரே டேக்கில் செத்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "கதவு லேசா இழுக்குது, ஆள விட்டுப் பாக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்.

அவர் தன் மாமனார் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரர்கள் யாரும் கேமரா முன்னால் வரக்கூடாது என்று தயாரிப்பாளர் கறாராகச் சொல்லியிருந்தார். போன தொடரில் யாரோ ஒருவருடைய சித்தப்பா, சவ ஊர்வலக் காட்சியில் கேமராவைப் பார்த்துக் கையாட்டி, மானத்தை வாங்கியிருந்தார். பிணத்திடம் பெயர் கேட்பாரும் இல்லை. விஷயம் அப்படியே அமுங்கிப் போனது.

ஐந்தாவது பகுதி வந்த மாலை, வீட்டில் அவளும் கணவனும் மாமனாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். அதை அவள் கவனித்தாள். சட்டையை. நர்ஸ் பயந்து பயந்து தெருவைக் கடக்கும் காட்சி வந்ததும் அவர் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். நர்ஸுக்குப் பின்னால் குடையோடு ஒருவர் நடந்து போனார். "குடை வலது கை. சரிதான்" என்று கண்கொத்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாமனார் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் காலையில் போன் ஓயவில்லை. ஊர் முழுக்க ஒரே பேச்சு. லிஃப்டில் செத்தவரின் முகம், தெருவில் குடையோடு நடந்தவரின் முகம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடது காதுக்குக் கீழே இருந்த மச்சத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். 'அவன் சாகவே இல்லை! மீசையை எடுத்துவிட்டு எல்லோர் பின்னாலும் அலைகிறான்! கயிறு அவன் கையில்!' யார் யாரோ, எங்கெங்கோ இருக்கிறவர்கள், முன்பின் பார்த்திராத ஒரு மனிதரின் மூக்கையும் தாடையையும் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

டைரக்டர் அறையில் தயாரிப்பாளரும் இருந்தார். கதாசிரியர் ஒரு மூலையில், வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கி எழுந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

"செத்தவன் எப்படிம்மா தெருவுல நடக்கிறான்?" என்றார் டைரக்டர். "பொத்தான் பிசகினா எங்க உசுர வாங்குவியே, ஒரு முழு ஆளையே விட்டுட்டியே?"

அவள் அவசரமாக செல்போனில் அன்றைய படங்களைத் தேடினாள். குடை இருந்தது, கை இருந்தது, காலர் இருந்தது, செருப்புகூட இருந்தது. எல்லாம் கழுத்துக்குக் கீழே. தலை ஒன்றிலும் இல்லை.

"தப்பு தப்புதான்" என்றார் தயாரிப்பாளர். "ஆனா ஊரே இவன்தான் குற்றவாளின்னு முடிவு பண்ணிடுச்சு. நம்ம கதாசிரியருக்கும் பிடிச்சுப் போச்சு. கடைசிப் பகுதி அவன வச்சுத்தான். நாளைக்கு அந்த ஆளோட வா. இல்லேன்னா நீயும் வர வேணாம்."

வெளியே வந்தாள். செத்தவர் யாரென்று அவளுக்குத் தெரியும். நடந்தவர்? மாமனாருக்குக் காதுக்குக் கீழே மச்சம் உண்டா? ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அவளால் சொல்ல முடியவில்லை. வேலை போய்விடுமே என்ற பயத்தைவிட அதுதான் அவளை வழியெல்லாம் குடைந்தது.

வீட்டில் மாமனாரும் கணவனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வைக்கிற சாக்கில் மாமனாரின் இடப்பக்கம் போனாள். அவர் தலையைத் திருப்பினார். சுற்றிக்கொண்டு வந்தாள். அவர் மறுபடி திருப்பினார்.

"என்னம்மா, கோயில் பிரகாரமா நான்? சுத்திச் சுத்தி வர?"

"ஒண்ணுமில்ல மாமா, காதுல ஏதோ..." என்று குனிந்தாள். மச்சம் இருந்தது, மிளகு அளவுக்கு. பெருமூச்சு விட்டு நிமிர்ந்தவள், அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ மாமா! மீசை எங்க?"

"அதுவா? அது போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். அவனுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க ஊராரின் பார்வையைப் பரிசோதிக்கிறவன். அப்பாவை உற்றுப் பார்த்து, "அட, ஆமாம்பா" என்றான்.

"உன் கடைக்கு நான் வரவே மாட்டேன்டா" என்றார் அவர்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பிணமாகக் கிடந்த அன்றே, கூட்டக் காட்சிக்கு ஆள் சேர்க்கிற ஏஜென்ட் இவரை மடக்கியிருக்கிறார். 'முகம் ஏற்கெனவே வந்துடுச்சு, மீசைய எடுத்துட்டா வேற ஆளு' என்று சொல்லியிருக்கிறார். இவரும் எடுத்துவிட்டார்.

"எங்ககிட்ட வாக்கிங் போறேன்னுதானே சொன்னீங்க?"

"பொய் சொல்லலியே. நடக்கத்தான் போனேன். அங்க வேற என்ன வேல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. "தெருவுல எடுத்த அன்னைக்கு நான் அங்கதானே மாமா இருந்தேன்?"

"இருந்தியே. என் கையிலேர்ந்து குடையப் பிடுங்கி வலது கையில குடுத்த. காலர மடிச்சு விட்ட. 'அண்ணே, கேமராவப் பாக்காம நேரா நடங்க'ன்ன."

"உங்களையா? அண்ணேன்னா?"

"மரியாதையாத்தான் சொன்ன" என்று சமாதானப்படுத்தினார். "நீ கண்டுபிடிப்பன்னு பாத்தேன். மீசைய எடுத்துட்டு வந்த அன்னைக்கும் பாத்தேன். சாப்பிட உக்காந்தோம். நீ என் சட்டையில எண்ணெக் கறைன்னு சொன்ன. இவன் போனப் பாத்துட்டு இருந்தான். சரி, கேட்டா கிழவனுக்கு வருத்தமா இருக்கும்னு கேக்கல போலன்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு வாரம் அப்படித்தான் நினைச்சேன்."

கேலியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மீசை அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்தது. அத்தை இருந்திருந்தால் அவரை வாசலைத் தாண்டி உள்ளே விட்டிருக்க மாட்டாள். கண்கொத்திக்கு வெட்கமாக இருந்தது. சுவரில் மாட்டிய படம் அரை அங்குலம் சாய்ந்தால் கண்டுபிடிக்கிற கண், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதரை விட்டுவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது.

அவர் பின்னாலேயே போனாள். நாளைக்கு அவர் வராவிட்டால் தன் வேலை போய்விடும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"சாகச் சொன்னா சாவேன், நடக்கச் சொன்னா நடப்பேன்" என்றார் தட்டைக் கழுவிக்கொண்டே. "பேசச் சொல்வாங்களே?"

"கொஞ்சம்தான் மாமா."

"பேசறதுக்குத்தான் எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு. சரி, வரேன்."

மறுநாள் அவரை நிறுத்தி, "இவர் என் மாமனார்" என்றாள். "ஒரே வீட்டுலயா இருக்கீங்க?" என்று கதாசிரியர் கேட்டதும் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். தயாரிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. சொந்தக்காரரைக் கொண்டுவந்தது ஒன்று, கோட்டை விட்டது இன்னொன்று. "கடைசிப் பகுதியில சின்னப் பிசகு வந்தாலும் உன்னோட கணக்கு முடிஞ்சுது. நான் பக்கத்துலயே நின்னு பாப்பேன்" என்றார்.

கடைசிக் காட்சி, அதே கட்டடத்தின் கேன்டீன். இன்ஸ்பெக்டர் வந்து எதிரே உட்காருவார். செத்துப்போனதாக எல்லோரும் நினைத்தவர், கையில் டீ கிளாஸோடு நிதானமாக ஏன், எப்படி என்று சொல்வார். முதலில் முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள். கண்கொத்தி எல்லாவற்றையும் பதிந்துகொண்டாள். கிளாஸ் வலது கையில், பாதி டீ, காலர் மடிப்பு நேர். இனி முகத்துக்கு நெருக்கமாக எடுக்க வேண்டும். இரண்டும் ஒட்ட வேண்டும். தயாரிப்பாளர் அவள் தோளருகே வந்து நின்றார்.

கதாசிரியர் ஒரு பக்கத்துக்குப் பழிவாங்கும் வசனம் எழுதிக் கொடுத்திருந்தார். மாமனார் அதை வாங்கிப் படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கேமரா ஓடியது.

"இத்தன நாள் எங்கய்யா ஒளிஞ்சிருந்த?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாமனார் யோசித்தார். மடித்து வைத்த வசனம் பையிலேயே இருந்தது.

"நான் எங்கயும் ஒளியல சார். உங்க நடுவுலதான் இருந்தேன். சேந்து சாப்பிட்டேன், சேந்து டிவி பாத்தேன். மீசைய எடுத்தேன், யாரும் கேக்கல." கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். "கேக்கறவ ஒருத்தி இருந்தா. அவ போயிட்டா. அதுக்கப்புறம் மனுஷன் நடந்தா என்ன, படுத்தா என்ன, ரெண்டும் ஒண்ணுதான்."

டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார். இன்ஸ்பெக்டராக நடித்தவர் அடுத்த கேள்வியை மறந்துவிட்டார். கதாசிரியர், தான் எழுதிய ஒரு பக்கத்தை இனி யாரும் தேடப் போவதில்லை என்று புரிந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

"கட்" என்றார் டைரக்டர் கடைசியில். அவள் பக்கம் திரும்பினார். "இத இன்னொரு தடவ எடுக்க முடியாது. கண்கொத்தி, கிளாஸ் எந்தக் கையில இருந்துச்சு? சரியா இருந்துச்சா?"

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லாமல் போனதே இல்லை.

"தெரியல சார்" என்றாள். "நான் அவரு முகத்தப் பாத்துட்டு இருந்தேன்."

தயாரிப்பாளர் பக்கத்திலேயே நின்றார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. மாமனாரைத்தான் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே தோல் தளர்ந்திருந்தது. மேலுதட்டில் வெள்ளையாகப் பொடிப்பொடியாக முளைத்திருந்தது. இன்று காலை அவர் ஷேவ் செய்யவில்லை.

"வலது கைதான்மா" என்றார் அவர், கிளாஸைத் தூக்கிக் காட்டி. "பாதி டீ. தாகமாத்தான் இருந்துச்சு, நீ திட்டுவியேன்னு தொடல."

மானிட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். கிளாஸ் சரியாக இருந்தது. காலர்தான் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. டைரக்டர் தயாரிப்பாளரைப் பார்த்தார். தயாரிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமானது. "காலர் கிடக்கட்டும்" என்றார். "அடுத்த லொகேஷனுக்கு ஏற்பாடு பண்ணுங்க. கண்கொத்தி, நீயும்தான்."

அந்தக் காலர் இன்றைக்கும் தொடரில் அப்படியே நிற்கிறது. அதற்குப் பின்னால் ஏதோ பெரிய சதி இருக்கிறது என்று ஊர் பேசிக்கொண்டிருக்கிறது. மாமனார் அதையெல்லாம் ஒன்று விடாமல் படித்துச் சிரிப்பார். அவள் தினமும் சாப்பாட்டு மேஜையில் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, மீசை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று சொல்கிறாள்.