களிமண் பூசிய மரங்கள்

விடிந்தும் விடியாத நேரத்தில், கரவனெல்லைக்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டத்தில், ஷாமிளா தன் புருஷன் தினேஷின் பின்னால் நடந்தாள். அவன் பட்டையைக் கீறிப் பால் வெட்டுவான். அவள் மரத்துக்கு மரம் பால் வடியும் சிரட்டையைத் துடைத்து வைப்பாள். அவள் மடியில் ஈரக் களிமண் உருண்டை ஒன்றும் இருந்தது.

கத்தி பட்டையில் மட்டும்தான் ஓட வேண்டும். மயிரிழை ஆழம் கூடினாலும் மரம் காயப்பட்டு, அந்த இடம் முண்டு முண்டாகிவிடும். பிறகு அங்கே வெட்ட முடியாது. பதினொரு வருடம் தவறாத தினேஷின் கத்தி, கஞ்சா பழகிய இந்த ஆறு மாதமாகத் தவறுகிறது.

"இன்னைக்கும் இழுத்திட்டுத்தான் வந்தீங்களா?"

"இழுத்தாத்தான்டி கண்ணு பளிச்சின்னு தெரியுது. பட்டையில ஓடுற எறும்போட காலக்கூட எண்ணிருவேன்."

"எறும்ப எண்ணுங்க. நேத்து தேத்தண்ணிக் கோப்பைய எடுக்கப் போயி காத்தப் புடிச்சீங்களே, அது?"

"சரி, சரி. சிரட்டைய வையி."

அடுத்த மரத்தில் கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கியது. கங்காணி பார்த்தால் வேலை போய்விடும். ஷாமிளா அவசரமாகக் காயத்தில் களிமண்ணை அப்பினாள்.

அதற்கடுத்த மரத்தில் அவள் சிரட்டையைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அவள் கை இன்னும் ஒரு சாண் கீழே இருப்பதாக அவன் கண் சொன்னது. கத்தியை இழுத்தான்.

அவளுடைய வலது கைப் பெருவிரல் நரம்பு அறுந்துவிட்டது, இனி மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

விஷயம் கேள்விப்பட்டுத் தோட்டத்துக்குப் போன கங்காணி இராமசாமி, மரம் மரமாகக் களிமண்ணைச் சுரண்டிப் பார்த்தார். அறுபத்துமூன்று மரங்கள். மாலையில் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தார்.

"தோட்டத்துத் தொரை அவன் பேர வேலையிலருந்து வெட்டிட்டாரு. நீயாவது கத்தி தவறுன அன்னைக்கே சொல்லியிருந்தா, புள்ள, கத்திய வாங்கி வச்சிட்டு அவன புல்லு வெட்ட அனுப்பியிருப்பேன். வேலையும் இருந்திருக்கும், ஒன் வெரலும் இருந்திருக்கும்."

அவர் போனதும் தினேஷ் அழுதான். "ஒன் கை தூரத்துலதான் இருந்துச்சு ஷாமிளா. சத்தியமா தூரத்துலதான் தெரிஞ்சிச்சு."

அவள் இடது கையால் தேநீரை நீட்டினாள். அவன் கை கோப்பையை எட்டும் முன்பே காற்றில் மூடிக்கொண்டது. அன்றும் இழுத்திருந்தான்.

ஷாமிளா கோப்பையைத் தரையில் வைத்தாள்.

"கஞ்சா கண்ணக் கூராக்கல்லங்க. கூராயிருச்சின்னு நம்ப வைக்குது. அந்தப் பொய்ய நீங்க குடிச்சீங்க, நான் களிமண்ணு பூசிக் காப்பாத்தினேன். மறைக்கிற வீட்டுலதான் அது குடியிருக்கும்."