இளைப்பாறிய மாப்பிள்ளை

முப்பத்தொரு வயதில் ஒருவன் இளைப்பாறலாம் என்பது ஆக்லாந்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. எங்கள் ஊரில் இளைப்பாறியவர் என்றால் தபாலதிபராக இருந்திருப்பார், தலை நரைத்திருக்கும், மாதம் பிறந்தால் பென்சன் வரும். என் மகள் நிசாந்தினி கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியவனுக்கு ஒரு நரைகூட இல்லை. முன்பல் இரண்டும் கட்டுப்பல். பெயர் ஹோகன், சுவீடன்காரன். பக்குரங்காவில் எங்கள் வீட்டு வாசல் நிலைக்குக் குனிந்துதான் உள்ளே வந்தான்.

"என்ன வேலை பாக்கிறார்?" என்று கேட்டேன்.

"ஐஸ் ஹொக்கி விளையாடினவர் அம்மா. அதுதான் அவற்ற தொழில். கண்டபடி காயம் பட்டு மூண்டு வரியத்துக்கு முந்தி ரிட்டயர் பண்ணிட்டார்."

"அது முடிஞ்ச கதை. இப்ப என்ன செய்யிறார்?"

"ஐஸ் மண்டபத்தில சின்னப் பிள்ளையளுக்குப் பழக்கிறார். ஐஸை மட்டப்படுத்துற மெஷினும் ஓட்டுறார்."

தண்ணீரை உறைய வைத்து, அதை மட்டப்படுத்த ஒரு மெஷின் வாங்கி, மனிதர் வழுக்கி விழுவதற்கென்றே ஒரு மண்டபமும் கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குச் சம்பளம் வேறு. நகரத்தில் பாங்கில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு உலகத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் என் கணவரைப் பார்த்தேன். கதிர்காமநாதன் மேசையின் இடது கோடியில், தன் வழக்கமான கதிரையில் இருந்து, எல்லாருக்கும் பொதுவாகச் சிரித்து, ஆமென்று தலையாட்டிக்கொண்டு, "ஓம், ஓம்" என்றார்.

அந்த "ஓம், ஓம்" பற்றிச் சொல்ல வேண்டும். ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணம் செய்யலாம் என்பார்கள். என் கலியாணத்துக்கு ஒரே ஒரு பொய்தான் சொன்னார்கள், அதுவே இருபத்தேழு வருடத்துக்குப் போதுமாயிருந்தது. மாப்பிள்ளையை விசாரிக்க என் சின்னமாமாவை அவருடைய ஊருக்கு அனுப்பினார்கள். மாமா அங்கே நண்டுக்கறியோடு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து, "தங்கமான பெடியன், ஒரு குறையுமில்லை" என்றார். கலியாணமான மூன்றாம் நாள்தான் எனக்கு விளங்கியது, அவருக்கு இடது காது அறவே கேட்காது என்று. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு போனதாம். கந்தோரில் தெரிந்தால் வேலை போய்விடும், யாருக்கும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் சொல்லவில்லை. என் தாய்க்கும் சொல்லவில்லை, பெற்ற மகளுக்கும் சொல்லவில்லை. அவருக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்திக் கதைத்தே என் தொண்டை போனது. ஊர் எனக்குச் சத்தக்காரி என்று பேர் வைத்தது. அவருக்குக் கிடைத்த பேர் சாந்தமான மனுசன்.

இந்தப் பாடு என் பிள்ளைக்கு வரக்கூடாது. குறையை மறைத்து ஒருவன் என் மகளைக் கட்டக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். வெள்ளைக்காரன் என்றால் விசாரிக்கத் தேவையில்லை என்று எங்கே எழுதியிருக்கிறது?

என் பெரியம்மாவின் மகள் மரகதம் ஸ்டொக்ஹோமில் இருக்கிறாள். அவளுக்குப் போன் எடுத்தேன்.

"ராணியக்கா, அவன்ர ஊர் வடக்கில எங்கையோ கிடக்கு. ரெயின்ல ஒரு பகல் முழுக்கப் போகோணும்," என்றாள்.

"போனாத் தேய்ஞ்சு போவியளே? உன்ர மனுசனை அனுப்பு. கடையில கேக்கட்டும், அக்கம் பக்கத்தில கேக்கட்டும். ஆனா ஒருதற்ற வீட்டையும் சாப்பிட வேண்டாமெண்டு சொல்லிவிடு."

அவளுடைய கணவர் நவரத்தினம் நல்ல மனுசன்தான், போனார். பனிக்குள் இறங்கி, ரெயில் நிலையத்துக் கடையிலேயே விசாரணையைத் தொடங்கினாராம். பெயரைச் சொன்னதும் கடைக்காரன் சுவரைக் காட்டினானாம். அங்கே ஹோகனின் படம் பல்லில்லாமல் சிரித்துக்கொண்டிருந்ததாம். அதற்குப் பிறகு ஊரே கூடிவிட்டது. நவரத்தினம் போனில் அடுக்கிக்கொண்டு போனார். தகப்பன் மர ஆலையில் வேலை. பதினெட்டு வயதில் ஊர்க் கழகத்தில் சேர்ந்தான். பதின்மூன்று குளிர்காலம் அதே கழகம், அதே சட்டை. பெரிய கழகங்கள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. ஒருமுறை தேசிய அணிக்கு எடுத்து, இரண்டு கிழமையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஏன் திருப்பி விட்டவை? ஏதும் பிழை செய்தவரோ?"

"கோல் அடிக்கமாட்டானாம், மச்சாள்."

"குடியோ?"

"அதைக் கேக்க மறந்து போனன். ஆனா முழங்காலில மூண்டுதரம் வெட்டி ஒப்பரேசன் செய்ததாம். எல்லாத்தையும் ஒரு வீடியோக் கொப்பியில போட்டுத் தந்திருக்கினம், அனுப்பிவிடுறன்."

என்ன மனுசர் இவர்கள்! சாதி சனம் கேட்க வேண்டாம், சரி. குடி, கோபம், முன்னம் ஒரு கலியாணம், இதுகளையாவது கேட்டு வர வேண்டாமா? ஊருக்குள் போன ஆள் ஹொக்கிக் கதையோடு வந்து நிற்கிறார். நண்டுக்கறிக்குப் பதிலாக அவருக்கு அங்கே மான் இறைச்சி கொடுத்தார்களாம். அதைப் பிறகு மரகதம் சொன்னாள்.

கொப்பி வந்தது. ஒரு சனிக்கிழமை நானும் என் கணவரும் இருந்து பார்த்தோம். அவருடைய வலப்பக்கத்தில்தான் இருந்தேன், அங்கேதான் எப்போதும் இருப்பேன். ஆளுக்கொரு தடியோடு தடிமாடுகள்போலப் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு கறுப்பு வட்டைத் துரத்துகிறார்கள். கண்ணுக்கு அந்த வட்டு அகப்படுவதேயில்லை. எல்லாரும் முன்னுக்கு ஓட, இவன் மட்டும் பின்னுக்கு நிற்கிறான். வருகிறவன் எல்லாம் இவனோடு மோதுகிறான், இவன் சுவரில் அடிபட்டு விழுந்து, எழும்பி, மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கிறான். இடையிடையே பிடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருத்திவிடுகிறார்கள், வகுப்பில் குழப்படி செய்த பிள்ளையை மூலையில் இருத்துவதுபோல. அங்கே இருந்துகொண்டும் சிரிக்கிறான்.

"இவன் என்னதான் செய்யிறான்? ஒருக்காலும் முன்னுக்குப் போறானில்லையே!" என்று கத்தினேன்.

"பின்னுக்கு நிண்டு மறிக்கிறதுதான் அவன்ர வேலை," என்றார் அவர். "அடி அவனுக்கு, பேர் மற்றவைக்கு."

"இது ஒரு உத்தியோகமே?"

அதற்குள் படம் திடீரென்று முடிந்துவிட்டது. இவன் குனிகிறான், ஒருவனுடைய தடி மேலே எழும்புகிறது, அவ்வளவுதான், திரை கறுத்துவிட்டது. கொப்பி பழுது என்று நினைத்து நவரத்தினத்துக்குப் போன் எடுத்தேன்.

"பழுதில்லை மச்சாள். அதுதானே கடைசி விளையாட்டு. அந்த அடியோடதானே அவனுக்கு இடக்கண் போனது."

"என்ன போனது?"

"இடக்கண். வெளியால பாத்தாத் தெரியாதாம், ஆனா பார்வை துண்டற இல்லை. நான் சொல்லேல்லையே? உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன்."

மான் இறைச்சி சமித்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என் தலைவிதி அப்படியே எழும்பி என் மகளின் தலையில் போய் இருந்துவிட்டது. இங்கே காது, அங்கே கண். வித்தியாசம் அவ்வளவுதான்.

உடனே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவார்கள், எனக்குத் தெரியாதா? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். என் கணவர் இடது கோடியில், அதே வரிசையில் அவருக்கு வலப்பக்கத்தில் ஹோகன், எதிரில் நிசாந்தினி. குசினி வலப்பக்கம் என்பதால் நான் எப்போதும் அந்தப் பக்கத்தால்தான் பரிமாறுவேன். அன்றைக்குச் சொதிச் சட்டியை எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றிப் போய், அவர்கள் இரண்டு பேரின் கதிரைகளுக்கும் நடுவில் சத்தமில்லாமல் நுழைந்து அவனுடைய இடப்பக்கத்தில் நின்றேன். திரும்பிப் பார்ப்பானா பார்ப்போம்.

திரும்பவில்லை. மகளுக்கு ஏதோ சொல்ல இடக்கையை வீசினான். சட்டி பறந்தது. சுடச்சுடச் சொதி பாதி அவன் மடியிலும் மீதி என் கையிலும்.

அவன் தன் மடியைப் பார்க்கவில்லை. எழும்பி, என் கையைப் பிடித்துக் குசினிக்குக் கொண்டுபோய்ப் பைப்பின் கீழே வைத்து, நான் இழுக்க இழுக்க விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மன்னியுங்கள்," என்றான் தன் மெதுவான ஆங்கிலத்தில். "நீங்கள் எப்போதும் வலப்பக்கத்தால்தானே வருவீர்கள். என் கண்ணை நினைத்துத்தான் அப்படிச் செய்கிறீர்கள் என்று இருந்தேன்."

மகள் பின்னால் வந்ததும் அவள்மேல் பாய்ந்தேன்.

"கண் தெரியாதவனெண்டு ஏனடி மறைச்சனி? என்னை ஏமாத்தின மாதிரி..." என்று தொடங்கியவள், அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"ஆர் மறைச்சது?" அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "முதல் நாளே அப்பாட்டச் சொன்னனான். ஹோகன்தான் சொல்லச் சொன்னவர், கண்ணைப் பற்றி முதல்ல சொல்லு, பிறகு மற்றதெண்டு. வேலையால வரேக்குள்ள, கார்ல வைச்சுச் சொன்னனான். உங்களுக்கும் சொல்லச் சொன்னனான். அப்பா 'ஓம், ஓம்' எண்டவர். கேளுங்கோவன்!"

கார்ல வைச்சு. அவர் வலப்பக்கத்தில் இருந்து ஓட்டுவார், அவள் இடப்பக்கத்தில் இருப்பாள். மோட்டர்வே இரைச்சலில், என் மகள் தன் வாழ்க்கையின் பெரிய விசயத்தை, இருபத்தேழு வருடமாக நான் பூட்டி வைத்திருக்கிற அந்தச் செத்த காதுக்குள் சொல்லியிருக்கிறாள். அவரும் வழக்கம்போலத் தலையாட்டியிருக்கிறார்.

அவர் குசினி வாசலில் வந்து நின்றார். கடைசி வார்த்தைகள் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். முகம் வெளிறிப் போயிருந்தது. மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கலியாணமான மூன்றாம் நாள் பார்த்த அதே பார்வை.

"சொல்லுங்கோ அப்பா," என்றாள் நிசாந்தினி. "சொன்னனானோ இல்லையோ? அம்மாக்கு ஏன் சொல்லேல்லை?"

கோதாரி பிடித்த மனுசன் வாயைத் திறந்தார், மூடினார். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். சத்தக்காரி ஏன் சத்தக்காரி ஆனாள் என்று என் மகளுக்கு விளங்கிவிடும். இத்தனை வருடமாக அதற்குத்தானே காத்துக்கொண்டிருந்தேன்? வயிறெரிந்தது, கை எரிந்ததை விட.

"அவர் சொன்னவர்," என்றேன். "அப்பவே சொன்னவர். எனக்குத்தான் மறந்து போச்சு."

"மறந்து போச்சோ? கண் தெரியாதெண்டதை ஆராவது மறப்பினமே? பிறகேன் இந்தக் கத்துக் கத்தினனீங்கள்?"

"நான் கத்துறது புதிசே?"

அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, மேசையைத் துடைக்கப் போனாள். அவர் வாசலிலேயே நின்றார். கண் கலங்கியிருந்தது. அழுகிற ஆளைப் பார்க்க எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. அதோடு சேர்ந்து எனக்கும் அழுகை வந்தது. சட்டி கழுவுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஹோகன் பைப்பைப் பூட்டினான். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காமல், "அவருக்கு இடப்பக்கம் கேட்காது," என்றான். "முதல் நாளே கண்டேன்."

"நிசாவுக்குச் சொன்னாயா?"

"அவர் சொல்லவில்லையே. நான் ஏன் சொல்ல வேண்டும்?"

பதின்மூன்று குளிர்காலம் பின்னுக்கு நின்றவனோடு என்ன கதைக்கிறது? குறை இருக்கிறவனைக் கட்டாதே என்று சொல்ல இனி எனக்கு வாயுமில்லை, அதை நானே பூட்டிக்கொண்டேன். இருக்கிற ஒரு கண்ணால் காண வேண்டியதைக் கண்டிருக்கிறான். நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

"இஞ்சாருங்கோ," என்றேன், "அந்தப் பஞ்சாங்கக் கலண்டரை எடுத்து வாங்கோ."

அவர் இதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். இடது காதுதான் என் பக்கம். "ஓம், ஓம்," என்றார். அசையவில்லை.

"கலண்டரை எடுத்து வாங்கோ எண்டெல்லோ சொல்லுறன்!" பக்குரங்கா முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"ஐயோ அம்மா," என்றாள் நிசாந்தினி மேசையடியில் இருந்து. "அந்தப் பாவம் மனுசனோட ஏன் எப்ப பாத்தாலும் கத்துறீங்கள்?"