நீச்சல்குளத்தில் விழுந்த டிவி

லிஃப்டில் ஆட்டை ஏற்றிய கதையைப் பேஸ் கிடார்காரர் பாதி சொல்லும்போதே பாடகரின் இடது உதட்டோரம் லேசாக இழுத்தது. அதுதான் சிரிப்பு. பக்கவாதம் வந்து படுத்த இந்த மூன்று வருடத்தில் அவரிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதற்காகவே பேஸ்காரர் ஞாயிறு தவறாமல் இரண்டு பஸ் மாறி வந்து, தங்கள் ராக் குழுவின் அட்டகாசங்களை எடுத்துவிடுவார். லீட் கிடார்காரன் மேடையில் நெருப்பு வித்தை காட்டப்போய்த் தன் விக்கையே கொளுத்திக்கொண்டது. டிரம்மர் வேறொரு குழுவின் வேனில் ஏறித் தூங்கி, மறுநாள் வேறு ஊரில் அவர்களுக்கே வாசித்துவிட்டு வந்தது.

ஒரு கதையை மட்டும் அவர் இந்த வீட்டில் சொன்னதில்லை. ஊரே சொல்லிச் சிரித்த கதை அது. பாடகர் குடித்துவிட்டு ஹோட்டலின் மூன்றாம் மாடியிலிருந்து டிவியை நீச்சல்குளத்தில் வீசினார் என்று பேப்பரில் படத்தோடு வந்தது. அதைப் பார்த்துத்தான் பாடகரின் மனைவி கைக்குழந்தையோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவள் திரும்பி வர இரண்டு வருடம் ஆயிற்று. மகள் நடக்கப் பழகியதை அவர் பார்க்கவில்லை.

இன்று வாசலிலேயே பாடகரின் மனைவி சொல்லிவிட்டாள். "இந்த வாரம் தாண்டாதுன்னுட்டாரு டாக்டர். அழுமூஞ்சியோட உள்ள போகாதீங்கண்ணே."

அவள் சமையலறைக்குள் போனதும், பேஸ்காரர் மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு நண்பனின் காதருகே குனிந்தார்.

"டேய், அந்த டிவிய எறிஞ்சது நான்டா. நீ அடுத்த ரூம்ல தூங்கிட்டிருந்த. என் வாத்தியார் வேல போயிடும்னு நீ பழிய ஏத்துக்கிட்ட. யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வேற வாங்கிட்டேன். உன் பொண்டாட்டி போனப்பவாவது நான் வாயத் திறந்திருக்கணும். மன்னிச்சிடுடா."

ரகசியமாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். இருபது வருடம் ஆளுயர ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் நின்று மந்தமான காது. அவர் ரகசியம் பேசினால் தெருமுனை வரை கேட்கும்.

பாடகரின் உதடு அசையவில்லை. பேஸ்காரர் நிமிர்ந்தபோது, அறை வாசலில் மருந்து டம்ளரோடு அவள் நின்றிருந்தாள்.

"ஏன் அப்படிப் பண்ணீங்கன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன்," என்றாள் கணவனைப் பார்த்து. "தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னாரே."

பேஸ்காரர் பையை எடுத்தார். "நான் கிளம்பறேம்மா."

"உக்காருங்க." அவள் அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "மத்த கதையெல்லாம் சொன்னீங்கல்ல, இதையும் சொல்லுங்க. நடந்தது நடந்தபடி. அவரு கேட்டுட்டுப் போகட்டும்."

அவர் பையைக் கீழே வைத்தார். கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "அந்தப் பாழாப்போன டிவிய எப்படி நிறுத்தறதுன்னே எனக்குத் தெரியலடா. சுவிட்ச்சத் தேடித் தேடிப் பாத்தேன். ஜன்னல்தான் கைக்குக் கிடைச்சுச்சு..."

அவள் கட்டிலின் இரும்புத் தடுப்பைக் கீழே இறக்கினாள். அந்த ஒரு முழ இடத்தில், வீட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல், கணவனை ஒட்டி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.