ஜெயமலரின் பொட்டு

ஓல்டனில் பேர்ன் ரயில் ஏறும்போதே சாருஜா தாயின் நெற்றியைப் பார்த்தாள்.

"அம்மா, இண்டைக்கு மட்டும் அந்தப் பொட்டை அழியுங்கோவன்."

"வாயை மூடிக்கொண்டு வா."

பிள்ளையிலும் பிழை இல்லை, கேளுங்கள். டாவோஸில் நட்பு நாடுகளின் கூட்டத்துக்கு வந்த ஒரு முன்னாள் படை அதிகாரியைப் பிடித்து, பேர்னில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவனை விட்டுவிடச் சொல்லி அந்த நாடுகள் விடிந்ததிலிருந்து தொலைபேசியில் நெருக்கின. தாய் ஜெயமலரின் சாட்சி எடுபடாவிட்டால் மாலை விமானத்தில் அவன் போய்விடுவான். போரில் சரணடைந்த அவள் கணவன் இராஜசிங்கத்தை அவள் கண்முன்னே சுடச் சொன்னவன் அவன்தான். அவனோ, அன்று தலைநகரில் இருந்தேன் என்று சாதித்தான்.

விசாரணை அறையில் அவன் எதிரே கைகட்டி இருந்தான். ஜெயமலர் எல்லாவற்றையும் சொன்னாள். வெடிச்சத்தம், உடலை ஏற்றிப்போன லொறி. குரல் உடையவில்லை.

பிறகு அவனுடைய வழக்கறிஞர் ஒரு படத்தை மேசையில் வைத்தார். சாருஜாவின் கல்யாணப் படம்; அதிலும் ஜெயமலரின் நெற்றியில் பொட்டு.

"உங்கள் ஆட்களில் விதவைகள் குங்குமம் வைப்பதில்லை. நீங்களோ இன்றும் வைத்திருக்கிறீர்கள். கணவர் உயிரோடு இருப்பதாக நீங்களே நம்புகிறீர்கள், அப்படித்தானே?"

மொழிபெயர்ப்பாளர் தர்மிகா அதைத் தமிழில் சொன்னாள். அரச வழக்குரைஞரின் பேனா நின்றது. மூலையில் சாருஜா தலையில் கை வைத்தாள்.

ஜெயமலர் கைக்குட்டையை எடுத்தாள். ஒரு துடைப்பு. அவ்வளவுதான், இவன் அகப்பட்டுவிடுவான். கைக்குட்டை நெற்றிவரை போனது. நின்றது.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. எங்கட ஆக்களிலை செத்தவீட்டிலை, உடலுக்குப் பக்கத்திலை வைச்சுத்தான் பொட்டை அழிக்கிறது. எனக்கு உடல் தரேல்லை. லொறியை எங்கை அனுப்பினதெண்டு இவர் சொல்லட்டும். என்ரை மனுசனைக் கொண்டுவந்து கிடத்துங்கோ. அழிக்கிறன்."

தர்மிகா வாய் திறக்குமுன் எதிர்ப்பக்கமிருந்து கொச்சைத் தமிழ் வெடித்தது.

"லொறி எங்கட இல்லை! நாங்கள் ஏத்தினது மட்டும்தான்!"

வழக்கறிஞர் விளங்காமல் அவனைப் பார்த்தார். அன்று தலைநகரில் இருந்ததாகச் சாதித்தவன் கையால் வாயைப் பொத்தினான்.

"இதையும் மொழிபெயர்க்கவா?" தர்மிகா கேட்டாள்.

"ஒரு சொல்லும் விடாமல்," என்றார் அரச வழக்குரைஞர். கேட்டு முடிந்ததும் தொலைபேசியை எடுத்தார். இன்றைய விமானத்தில் அவர் வரமாட்டார் என்றார்.

சாருஜா ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள். ஜெயமலர் அசையவில்லை. அவள் கண் அவனில்தான் இருந்தது.

"அவரை எங்கை கொண்டுபோனவை?"

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

அவள் கைக்குட்டையை விரித்து, பொட்டில் படாமல் முகத்து வியர்வையை ஒற்றிக்கொண்டாள்.