ஜன்னல் சீட்டு

விடியாத இருட்டில் ரயில் வந்து நிற்கும் முன்பே பாக்கியவதி முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிவிடுவாள். வாசல் கம்பி கைக்கு அகப்பட்டால் பிழைத்தாள். முழங்கையால் இடித்து, ஒற்றைக் காலில் தொங்கி, யாருடைய முதுகிலோ முகம் அழுந்த உள்ளே போய்ச் சேரும்போதே ஒரு நாள் வேலையின் களைப்பு வந்துவிடும். பெங்களூருக்குப் போய் உட்கார்ந்து காலர் தைக்கும் வேலை அதற்குப் பிறகுதான்.

தண்டவாளத்தை ஒட்டிய சாலையில் கம்பெனி வேன் போகும். ஜன்னல் ஓரத்தில் தலை சாய்த்துத் தூங்குவாள் ஷைலா. இருவருக்கும் ஸ்கெலட்டன் காலனியில் ஒரே லைன் வரிசை, அடுத்தடுத்த வீடு. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கை வேகம் என்று ஷைலாவுக்கு வேனில் இடம் கிடைத்தது. வேகமாவது மண்ணாவது, மேனேஜரிடம் பல்லைக் காட்டினாள் என்று பாக்கியவதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒருமுறை வேன் பஞ்சராகி நின்றபோது அன்று முழுக்க அவளுக்கு மனம் குளிர்ந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை, மழை ஈரத்தில் ரயில் படியில் நின்ற இந்து வழுக்கி விழுந்தாள். பட்டன் தைக்கப் புதிதாய்ச் சேர்ந்த பெண். சங்கிலியை இழுத்து நிறுத்தி, தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பெண்கள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. மேனேஜர் மனோகர் வெளியே வந்தார்.

"உங்களுக்காக ஆர்டர் நிக்குமா?"

"பொண்ணு வுழுந்துட்டா சார். ரயில்ல பெட்டி பத்தல," என்றாள் பாக்கியவதி.

"ரயில நானா ஓட்டறேன்?"

"வேன நீங்கதான ஓட்டறீங்க? இன்னொண்ணு வுடுங்க."

பின்னால் நின்ற பெண்கள் "ஆமா சார்" என்றார்கள். மனோகர் எல்லோரையும் உள்ளே விட்டார். மதியம் பாக்கியவதியை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"ஷைலாவ வேன்லேர்ந்து எடுத்துடறேன். திங்கக்கிழமேலேர்ந்து அந்த சீட்டு உனக்கு. கூட்டம் சேக்கறத மட்டும் வுட்டுடு."

அவள் நெஞ்சு துள்ளியது. "யோசிச்சி சொல்றேன் சார்," என்று மிஷினுக்குத் திரும்பினாள்.

மறுநாள் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து ஷைலா வீட்டுக்கு வந்ததும் பாக்கியவதி அவள் வாசலில் போய் நின்றாள். அந்த முகம் வாடுவதைக் கண்ணாரப் பார்க்கத்தான் போனாள்.

விஷயத்தைக் கேட்ட ஷைலாவின் முகம் வாடவில்லை. "எடுத்துக்கக்கா," என்றாள். "உன் மேல எனக்கு எவ்ளோ வயித்தெரிச்சல் தெரியுமா? ரயிலுக்கு நேரமாச்சுன்னு மிஷின ஆஃப் பண்ணிட்டு நீ எழுந்து போயிடுவே. நாங்க பாத்துனு இருப்போம். ஆர்டர் முடியாம வேன் கெளம்பாது. என் புள்ள எங்க அத்தையத்தான் அம்மான்னு கூப்புடுது."

பாக்கியவதி வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். இத்தனை நாள் தான் பார்த்து எரிந்தது இதற்குத்தானா?

"அந்தாளு உன் சீட்ட எனக்குக் குடுக்கறான்," என்றாள் மெதுவாக. "நாளைக்கு என் சீட்ட இன்னொருத்திக்குக் குடுப்பான்."

"இப்ப இன்னா பண்ணலான்ற?"

"ரெண்டு பேரும் வேன்ல ஏற வேணாம். மத்தவங்களயும் கேக்கலாம், வா."

அன்று மாலைக்குள் இருவரும் லைன் லைனாக ஏறி இறங்கினார்கள்.

திங்கட்கிழமை விடியலில் வேன் வந்து ஹாரன் அடித்தது. யாரும் ஏறவில்லை. வேன்காரிகளும் ரயில்காரிகளும் ஸ்டேஷன் மாஸ்டர் அறை முன்னால் ஒன்றாய் உட்கார்ந்தார்கள். இந்துவின் அம்மாவும் வந்திருந்தாள். ரயில் அவர்கள் இல்லாமலே புறப்பட்டுப் போனது.

"பெட்டி சேக்கறது என் கையில இல்லம்மா. மேல எழுதறேன்," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"எழுதுங்க சார். பதில் வர்ற வரிக்கும் தெனம் இங்க வந்து உக்காருவோம். இங்க முடிச்சுட்டு கம்பெனி கேட்டுக்கும் போவோம்," என்றாள் பாக்கியவதி.

"பெட்டிய சேத்து வுடு" என்று ஷைலா குரல் எடுத்தாள். கோயில் பாட்டுக் குழுவில் பழகிய தொண்டை, பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பாக்கியவதிக்குச் சுருக்கென்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்று, அவளைவிட உரக்கக் கத்தினாள்.