வெள்ளைத் தூண்

"நீ கொஞ்சம் அந்தக் கதவோரமா நில்லும்மா" என்றார் மூத்தார். குரலில் கோபம்கூட இல்லை. நாற்காலியை நகர்த்தச் சொல்கிற குரல்.

கூடத்தில் புகைப்படக்காரர் குடும்பத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். இளைய மருமகள் மகளின் கையைப் பிடித்தபடி ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் கணவன், மூத்தாரின் தம்பி, இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

"நானும் இந்தக் குடும்பந்தானே அத்தான்?"

"யாரு இல்லைன்னா? நல்ல காரியத்துக்கு எடுக்குற படம். நம்ம வீட்ல புருஷன் போனவங்க படத்துல நிக்கிறதில்ல. நேத்து வந்த பழக்கமா இது?"

மூத்தாரின் மனைவியான ஓரகத்தி எழுந்து வந்து, ஏழு வயது மகளை அவள் கையிலிருந்து பிரித்துத் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். "சிரிடா கண்ணு." குழந்தை கதவையே பார்த்தது. விளக்கு பளிச்சிட்டது. பெற்றவள் கதவோரம், பிள்ளை இன்னொருத்தி மடியில்! இதை இவர்களுக்குத் திருப்பிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று இளைய மருமகள் அங்கேயே முடிவு செய்தாள்.

நல்ல காரியம் வேறொன்றுமில்லை. மூத்தாரின் தாத்தா கட்டியதாகச் சொல்லப்படும் பள்ளிக்கு நூறு வயது. தாத்தாவின் படத்தையும் குடும்பத்தின் புதுப் படத்தையும் அங்கே மாட்டப்போகிறார்கள். வீட்டிலிருந்த பழைய படத்தில் தாத்தா நிற்பார், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தூண். "அந்தத் தூண் மாதிரி நின்னு கட்டினாரு" என்று மூத்தார் மேடைக்கு மேடை முழங்குவார். பள்ளியில் அப்படியொரு தூணே கிடையாது. யாரும் கேட்டதில்லை.

அவள் வேலை பார்த்தது அரசு ஆவணக் காப்பகத்தின் படப் பிரிவில். தாத்தாவை அந்தப் படம் எடுத்து, பிறகு மூடிப்போன ஸ்டூடியோவின் கண்ணாடி நெகட்டிவ்களும் பதிவேடுகளும் அங்கேதான் இருந்தன. பள்ளிக் குழுத் தலைவர் என்ற முறையில் தாத்தா படத்துக்கு மூத்தாரே விண்ணப்பம் கொடுத்தார்: 'முழுப் படம், உள்ளது உள்ளபடி, பதிவேட்டு விவரத்துடன், காப்பக முத்திரையிட்டு, தலைமையாசிரியைக்கு நேரே அனுப்பவும்.' முத்திரை விழுந்துவிட்டால் தாத்தாவின் பெயரை எவனும் அசைக்க முடியாது என்று நினைத்தார். புதுப் படத்தின் பிரதி ஒன்றையும் காப்பகத்துக்குப் பெருமையாகக் கொடுத்தார். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

அவள் அந்தப் படத்தின் நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். தூண் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புச் சாயம் அப்பியிருந்தது. சாயம் வெளிச்சத்தை மறித்தால் அச்சில் அந்த இடம் வெள்ளையாக விழும். பதிவேட்டைப் புரட்டினாள். 'நாற்காலியில்: பள்ளி கட்டிய அம்மையார். நிற்பவர்: அவர் தம்பி. அம்மையார் கைம்பெண் ஆகையால் மறைக்கும்படி தம்பி சொன்னார். சிவப்பு பூசியது.'

மேலதிகாரியிடம் காட்டினாள். "பூச்சு படம் பதிஞ்ச பக்கம் இல்லையே, வெறும் கண்ணாடிப் பக்கந்தானே? இப்ப இருக்கிற நிலையைப் படம் எடுத்து வச்சிட்டுத் தொடைச்சிடுங்க" என்றார்.

ஈரப் பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்தாள். முதலில் முழங்கால், பிறகு மடியில் கோத்த கைகள், கடைசியில் முகம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், இவர்கள் ஒரு மனுஷியையே மறைத்திருந்தார்கள். "வாங்கம்மா, உங்களுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு வேலை இருக்கு" என்றாள் சத்தமாகவே. ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது.

விழாவன்று திரையை விலக்கியதும், தாத்தாவுக்குப் பக்கத்தில் தூண் இருந்த இடத்தில் அம்மையார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியை படத்தின் கீழிருந்த பதிவேட்டு வரிகளை ஒலிபெருக்கியில் நிறுத்தி வாசித்தார். "மறைக்கும்படி தம்பி சொன்னார்" என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மூத்தார் பல்லைக் கடித்துக்கொண்டு இவளிடம் வந்தார். "உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியே! அதை இறக்கச் சொல்லு."

"அது பள்ளிக்கூடத்துப் படம் அத்தான். விண்ணப்பத்துல உங்க கையெழுத்துதான் இருக்கு."

"காப்பகத்துல கொடுத்தேனே, எங்க புதுப் படம், அதையாவது திருப்பிக் கொடு."

"அது பதிவாயிடுச்சு. விவர அட்டையும் நாந்தான் எழுதினேன்."

"என்னன்னு எழுதின?"

சுற்றி நின்றவர்கள் காதில் விழட்டும் என்றே நிதானமாகச் சொன்னாள்.

"'மடியில் இருக்கும் குழந்தையைப் பெற்றவள் படத்தில் இல்லை. இளைய மருமகள், கைம்பெண், கதவோரம் நிறுத்தப்பட்டாள். நிறுத்தியவர், நடுவில் உட்கார்ந்திருக்கும் மூத்த மகன்.' உங்க பேரை இனிஷியலோட முழுசா எழுதியிருக்கேன் அத்தான்."